ஆமாம், லைன் கோச்தான். அதற்கென்ன இப்போ?

சனிக்கிழமை ராத்திரி நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்திலும் இருக்கிறீர்கள், மீதிப் பேருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் யார் வீடு, யார் சொன்னது என்றெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் போதும். "ஐம்பது வருஷம் கோச்சா இருந்து ஒரு ஹெட் கோச் ஆகத் துப்பில்லாத ஆளுதான் உனக்கு ரோல் மாடலாக் கிடைச்சானா தம்பி?"

கேட்டது என் பையனைப் பார்த்து. பதினான்கு வயசுப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

சரி, ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. பேச்சு லாரி ஜான்சனைப் பற்றி. ஃபுட்பால் என்றால் இங்கே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். அதில் டிஃபென்சிவ் லைன் என்று முன்வரிசையில் நாலு பேர் குனிந்து நிற்பார்கள், பந்து அசைந்த நொடியில் எதிரே நிற்கிற மலைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வேண்டும். அந்த நாலு பேருக்கான கோச். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் 2013 வரை, பதினெட்டு சீசன். 2014இல் இங்கே கொலம்பஸுக்கு, ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். என் பையன் அவனுடைய பள்ளி அணியில் டிஃபென்சிவ் எண்ட், அந்த வரிசையின் ஓரத்து ஆளாக ஆடுகிறான். பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய் என்று அன்றைக்கு யாரோ கேட்க, "லாரி ஜான்சன் மாதிரி லைன் கோச்" என்றான். டாக்டர் என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

துப்பில்லாத ஆள் என்ன செய்தார் என்று பார்ப்போம். பென் ஸ்டேட்டில் அவர் கைபட்டு வளர்ந்த கோர்ட்னி பிரவுன் 2000 என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்கிற தேர்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டார். நாடு முழுக்க இருக்கிற கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் பெயர். 2003இல் ஜிம்மி கென்னடி, மைக்கேல் ஹெய்ன்ஸ் இரண்டு பேரும் முதல் சுற்றில் போனார்கள். அதே சுற்றில் இவருடைய சொந்தப் பையன் லாரி ஜான்சன் ஜூனியரும் போனார், முந்தைய சீசனில் பந்தோடு 2,087 யார்டு ஓடியவர். ஒரே நாளில் இரண்டு மாணவர்கள், ஒரு மகன். அந்த வீட்டில் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அப்புறம் 2006இல் டம்பா ஹாலி, லைபீரியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து பத்து வயசில் தப்பி வந்த பையன். 2009இல் ஆரன் மேபின், 2010இல் ஜாரெட் ஓட்ரிக். எல்லாம் முதல் சுற்று.

இங்கே வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஜோயி போசா, அவன் தம்பி நிக் போசா, சேஸ் யங். மூன்று பேரும் டிராஃப்டில் முதல் மூன்று இடத்துக்குள். மூன்று பேரும் என்எஃப்எல்லுக்குப் போன முதல் வருஷமே தடுப்பாட்டத்தில் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்கள், 2016, 2019, 2020. ஐந்து சீசனில் மூன்று தடவை அந்த விருது ஒரே கோச்சின் மாணவர்களுக்குப் போயிருக்கிறது. அந்தக் கோச்சுக்குத்தான் துப்பில்லை.

இப்போது ஒருவர் வருவார், "ஜோயி போசா இவர் வருவதற்கு முன்னாடியே ஓஹையோவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான், அவன் அப்பாவே 1987இல் முதல் சுற்றில் போனவர், ரத்தத்திலேயே இருக்கிறது, கோச்சுக்கு இதில் என்ன வேலை" என்பார். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். பெரிய கல்லூரிக்கு நல்ல பையன்கள் தானாக வருவார்கள். ஆனால் அதே மாதிரிப் பையன்கள் பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்குப் போகிறார்களே, அங்கே ஏன் இந்த வரிசை வரவில்லை? "மேபின் என்ன ஆனான்?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மேபின் என்எஃப்எல்லில் நிலைக்கவில்லை, உண்மை. அவர் இப்போது பால்டிமோரில் ஓவியர், ஆசிரியராகவும் இருந்தவர். 2018 குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாத வகுப்பறையில் பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்திருந்ததை உலகத்துக்குக் காட்டியவர். அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

"பரம எதிரி மிச்சிகன்கிட்ட தொடர்ந்து தோத்தாங்களே, 2021இல் மிச்சிகன்காரங்க இவரோட முன்வரிசையைக் கிழித்துக்கொண்டு 297 யார்டு ஓடினாங்களே" என்றால், ஆமாம், ஓடினார்கள். மேலே போவோம்.

எனக்கு இந்த ஆட்டம் முதலில் பிடிக்காது. ஓடுகிற நேரத்தை விட நிற்கிற நேரம் அதிகம். பையன் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து பார்க்கப் பழகினேன், பார்த்த பிறகுதான் அந்த நாலு பேரின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். பந்து பின்னால் போன இரண்டரை, மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எதிரே இருப்பவன் 300 பவுண்டுக்குக் குறையாத ஆள், அவன் கை உங்கள் நெஞ்சில் பதிந்துவிட்டால் கதை முடிந்தது. பதிவதற்கு முன் அந்தக் கையைத் தட்ட வேண்டும், தோளைத் தாழ்த்த வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், மூன்றும் ஒரே மூச்சில். ஜான்சனின் பெயர் பெரிதானதே இந்தக் கை வேலையைச் சொல்லிக்கொடுப்பதில்தான். எங்கள் வீட்டில் சமையலறை வாசலில் நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பையன் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும், தினமும் இருபது தடவை. போன மாதம் ஊறுகாய் ஜாடி போனது. வீட்டுக்காரி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இது ஒரு தொழில். ஹெட் கோச் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிற படிக்கட்டு இல்லை. ஹெட் கோச்சுக்கு நன்கொடையாளர்களோடு விருந்து, பத்திரிகையாளர் சந்திப்பு, பல்கலைக்கழகத் தலைவரோடு பஞ்சாயத்து என்று நாள் போகும். பத்தொன்பது வயசுப் பையனின் இடது கை ஏன் அரை நொடி தாமதமாக எழுகிறது என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? அதைப் பார்க்கிறவர் இவர். பேட்டர்னோ, ஓபிரையன், அர்பன் மேயர், ரையன் டே என்று நாலு ஹெட் கோச்சுகளுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறார். 2011இல், பழைய உதவிக் கோச் ஒருவர் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த விவகாரத்தில் பென் ஸ்டேட்டில் பேட்டர்னோவையே வெளியே அனுப்பிய அந்தக் கேவலமான வருஷத்துக்குப் பிறகும், புதிதாக வந்த ஓபிரையன் இவரை வைத்துக்கொண்டார். மேலே இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் முன்வரிசையோடு இருந்தார்.

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு முதுகலை ஆசிரியர். தலைமை ஆசிரியர் பதவி உயர்வு மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் 'தற்காலிக உரிமை விடல்' கடிதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கூட அந்த வார்த்தை தெரியும். காரணம் கேட்டால் "இலவச சைக்கிளுக்குக் கையெழுத்துப் போடறதுக்கா நான் எம்.எஸ்சி. படிச்சேன்?" என்பார். கல்யாண வீட்டுப் பந்திகளில் அவரை என்ன பேச்சுப் பேசியிருக்கிறார்கள் தெரியுமா? "ஹெச்.எம். ஆகாமயே ரிட்டயர் ஆகிடுவார் போல", "பொறுப்புன்னா பயம்", "அவரோட ஜூனியர் எல்லாம் மாவட்டக் கல்வி அலுவலர் ஆகிட்டான்". ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்வார்கள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், இலையைப் பார்த்துச் சாப்பிடுவார். நான் பக்கத்து இலையில் இருப்பேன். எனக்கும் அப்போது பதினான்கு வயசுதான். அப்பா எழுந்து சண்டை போட மாட்டாரா என்று இருக்கும். வருஷா வருஷம் பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்குகிற பையன்கள் மட்டும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து நிற்பார்கள்.

அதனால்தான் சனிக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

இன்னொரு கட்சி வரும், நன்கு படித்த கட்சி. "நீங்கள் இதை ரொமான்டிக்காக்குகிறீர்கள், கருப்பினக் கோச்சுகளை லைன் கோச், ரன்னிங் பேக் கோச் என்று நிறுத்தி வைப்பதுதான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் வரலாறு, அவர் விரும்பி இருந்தாரா, இருக்க வைத்தார்களா?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2014 ஜனவரியில் ஓபிரையன் போனதும் பென் ஸ்டேட்டில் இடைக்கால ஹெட் கோச்சாக இவரைத்தான் உட்கார வைத்தார்கள். பதினெட்டு சீசன் உழைத்த மனிதர். வேலையைக் கொடுத்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்கு. ஃபிராங்க்ளினும் கருப்பினத்தவர், பென் ஸ்டேட்டின் முதல் கருப்பின ஹெட் கோச், அதனால் இதை ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது. ஜான்சன் அங்கே தங்கவில்லை, கிளம்பி இங்கே வந்தார். இங்கே 2020 டிசம்பர் 5, ரையன் டேவுக்குக் கொரோனா வந்த வாரம், மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். அணியை நடத்தியது இவர். பார்வையாளர்கள் இல்லாத மைதானத்தில் 52-12. ஓஹையோ ஸ்டேட் அணியை ஹெட் கோச் இடத்தில் நின்று நடத்திய முதல் கருப்பினத்தவர், அதுவும் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்ததால். அதை நினைத்தால் எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஆக, நான் மேலே எழுதியதற்கே இது கொஞ்சம் முரண்தான். கிடைக்காமல் போனதும் இருக்கும், பிடித்து இருந்ததும் இருக்கும், இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கக் கூடாதா? ஆனால் ஒன்று, கேலி செய்தவர் இந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. 'துப்பில்லை' என்றார். பூட்டியவனை விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது நமக்குக் கைவந்த கலை.

"வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம், அவருக்கு ஏன் நீ அழுகிறாய்?" அவருக்காக யார் அழுதார்கள். அவருக்கு என் ஆதரவு தேவையே இல்லை. இதே சம்பளத்தை மட்டும் அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்றிருப்பார்கள், அது வேறு விஷயம்.

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இன்னொன்று. 2025 ஜனவரி 10, ஓஹையோ ஸ்டேட்டுக்கு டெக்சஸோடு தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி. 21-14 என்று நாம் முன்னால், டெக்சஸ் நம் கோட்டுக்கு எட்டே யார்டு தூரத்தில் நிற்கிறது, அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. ஜான்சனின் டிஃபென்சிவ் எண்ட் ஜாக் சாயர் உள்ளே புகுந்து, ஒரு காலத்தில் இதே கொலம்பஸில் தன்னோடு ஒரே அறையில் இருந்த டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, அதை எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடினான். பத்து நாள் கழித்து நோட்டர் டேமை 34-23 என்று ஜெயித்து தேசியப் பட்டம். அந்த முன்வரிசையில் தொடக்கத்தில் ஆடிய நாலு பேருமே அந்த வருஷ டிராஃப்டில் போனார்கள், சாயர், டுய்மொலாவு, டைலிக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன். கோச்சுக்கு எழுபதைத் தாண்டிய வயசு. அந்த ஓட்டத்தை சனிக்கிழமை கூடிய அதே வீட்டு பேஸ்மென்ட்டில்தான் பார்த்தோம். சோபா மேல் ஏறிக் குதித்தவர் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, வீடியோவும் இருக்கிறது.

காரில் திரும்பும்போது பையன் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது "நீங்க ஏன்பா சிரிச்சீங்க?" என்றான். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. நான் "சும்மாதான்டா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தலையணையோடு வாசலில் போய் நின்றேன், வரவில்லை, ஹோம்வொர்க் இருக்கிறதாம். திங்கள்கிழமையும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வருவோமா என்று நேற்று குழுவில் கேட்டிருந்தீர்கள். வருவோம். புளியோதரை எங்கள் பொறுப்பு என்று முன்பே ஒத்துக்கொண்டாயிற்று. இந்த முறை யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் சிரிக்கப் போவதில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினேன்.