ஆமாம் சார், அது ஷூ விளம்பரம்தான்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் நடந்த கூத்து இதற்குள் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மூன்று நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “என்ன மேடம், பிள்ளைங்களுக்கு விளம்பரப் படம் போட்டீங்களாமே” என்றார். சரி, இனி எழுதாமல் முடியாது.

ஸ்பேஸ் ஜாம் என்கிற அந்தப் படம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம் சார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பதினெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு, கூடைப்பந்து வீரர் ஜோர்டானைக் கால்ஃப் குழிக்குள் உறிஞ்சி இழுக்கிற இடத்தில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, எழுந்து போய் புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கினீர்களே, வருத்தம் அதில்தான். படம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்குமா? “இது சினிமாவே இல்லம்மா. ஷூ விளம்பரம். பிள்ளைங்க ரசனையைக் கெடுக்காதீங்க.” அதையும் மைக்கில்.

ஆமாம் சார். ஷூ விளம்பரம்தான்.

1992-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு நடுவே நைக்கி ஷூ கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. மைக்கேல் ஜோர்டானும் பக்ஸ் பன்னி என்கிற கார்ட்டூன் முயலும் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். எடுத்தவர் ஜோ பிட்கா. அது பிய்த்துக்கொண்டு போகவே அடுத்த வருடம் இன்னொன்று. 1996 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் அதையே முழுநீளப் படமாக்கியது. இயக்குநர் அதே ஜோ பிட்கா. நீங்கள் மைக்கில் ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்தது போலச் சொன்ன விஷயம் இதுதான். இதைப் படமே ஒளித்துவைக்கவில்லை. ஜோர்டானை மேட்சுக்குக் கிளப்புகிற உதவியாளர் ஜட்டி, ஷூ, காலை உணவு, குளிர்பானம், பர்கர் என்று அவர் நிஜத்தில் விளம்பரம் செய்துகொண்டிருந்த ஐந்து பிராண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். தன்னைத் தானே நக்கலடிக்கிற படம் அது. வாசலில் போர்டு மாட்டிவிட்டு வியாபாரம் செய்கிறவனைப் போய் ‘பார்த்தீர்களா, இவன் வியாபாரி’ என்று காட்டிக்கொடுப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

விளம்பரம் என்று தெரியும். தெரிந்துதான் பிடித்திருக்கிறது. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தைச் சுற்றி முப்பது வருடமாக ஏன் அடிதடி என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கார்ட்டூன்காரர்கள் முயலைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். கூடைப்பந்துக்காரர்கள் ஜோர்டானைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். சினிமாக்காரர்கள் சினிமாவைத் தேடிக்கொண்டு வருகிறார்கள், பாவம். மூன்று பேருக்கும் ஒரே இலையில் பரிமாறினால் ஒருவர் சாம்பாரில் உப்பில்லை என்பார், இன்னொருவர் இது சாம்பாரே இல்லை என்பார். வேற்றுக்கிரகத்துப் பொடிசுகள் வந்து ஐந்து என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்களின் திறமையைத் திருடிக்கொண்டு பூதங்களாகிவிடுகின்றன. கார்ட்டூன் பாத்திரங்கள் ஜோர்டானைக் கூட்டிவந்து அவற்றோடு மோதுகின்றன. கதை அவ்வளவுதான். இதில் பார்க்கர் பேனாவை எடுத்துக் குறிப்பெழுத ஒன்றுமில்லை. ஆனாலும் அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அவர் பெயரை வாரம் ஒருமுறை மேற்கோள் காட்டுகிற ஆட்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள், அதனால் சொன்னேன்.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிற எதிர்ப்பு ஒன்று உண்டு. அது உங்களுடையது இல்லை சார், சக் ஜோன்ஸுடையது. பக்ஸ் பன்னியின் பொற்காலத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருக்கு இந்தப் படம் அறவே பிடிக்கவில்லை. பக்ஸுக்கு யார் துணையும் தேவையில்லை, ஏழே நிமிடத்தில் அந்த வேற்றுக்கிரகவாசிகளை ஒருவழி பண்ணியிருப்பான் என்பது அவர் கட்சி. ஏழு நிமிடம்தான் அந்தக் காலத்து குட்டிக் கார்ட்டூனின் நீளம். யோசித்தால் நியாயம்தான். கேரட்டைக் கடித்துக்கொண்டு, துப்பாக்கிக் குழாய்க்குள் விரலை விட்டு, வேட்டைக்காரனையே அழவைக்கிற முயல், ‘எங்களைக் காப்பாத்துங்க’ என்று ஒரு மனிதனிடம் போய் நிற்பதா? நான் அந்த முயலோடு வளர்ந்தவள். எங்கள் கேபிளில் பகல் முழுக்கக் கார்ட்டூன் ஓடும், ராத்திரியானால் அதே சேனலில் திடீரென்று கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் வந்துவிடும். அந்த நேரம் வரைக்கும் அவன்தான் எங்கள் வீட்டு ராஜா. அதனால் சக் ஜோன்ஸ் சொல்வதற்கு என்னிடம் பதிலில்லை. விட்டுவிடுகிறேன்.

ஆனால் ‘ஜோர்டானுக்கு நடிக்கத் தெரியவில்லை’ என்று ஒரு கூட்டம் வரும் பாருங்கள். அவர் நடிகர் இல்லைங்க! சுற்றிலும் பச்சைச் சுவர், பச்சை உடுப்பு போட்ட ஆட்கள். அவர்களைப் பார்த்து, இது வாத்து, இது பன்றி என்று நினைத்துக்கொண்டு பேச வேண்டும். நம் ஊர்ப் பெரிய ஹீரோக்கள் எதிரே நிஜ ஆள் நின்றாலே எங்கேயோ பார்த்துக்கொண்டு வசனம் பேசுகிறார்கள். அதோடு படம் எடுத்த அந்த 1995 கோடையில் அவர் ஸ்டூடியோவுக்குள்ளேயே தனக்கென்று ஒரு கோர்ட் போடச் சொல்லி வாங்கினார். பகலெல்லாம் முயலோடு ஷூட்டிங். முடிந்ததும் என்.பி.ஏ. ஆட்களை அங்கேயே வரவழைத்து ஆட்டம். அதற்கடுத்த சீசனில் அவருடைய அணி சிகாகோ புல்ஸ் 72 வெற்றி, 10 தோல்வி, கூடவே கோப்பை. இது படத்தில் இல்லை. ஆனால் அவர் கையில் பந்து படுகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் எனக்கு இது தெரியும். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது புரியாது, புரியவைக்கவும் நான் வரவில்லை.

(படத்தின் புகழ்பெற்ற ‘ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை’ பாட்டைப் பாடிய ஆர். கெல்லி என்ன குற்றத்துக்காக இன்று சிறையில் இருக்கிறார் என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துத்தான் போட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.)

லோலாவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்காகவே உருவாக்கிய பெண் முயல். பக்ஸ் அவளை ‘டால்’ (பொம்மை) என்று கொஞ்சுவான். அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு, இனிமேல் என்னை அப்படிக் கூப்பிடாதே என்பாள். பள்ளி கோர்ட்டில் பையன்கள் ஆடி முடிக்கிற வரைக்கும் ஓரமாக நின்று காத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது. அவளை வரைந்த விதத்தைப் பார்த்தால் இப்போது எரிச்சல் வருகிறது, மறுக்கவில்லை. 2021-ல் இரண்டாவது படம் வந்தபோது அதைச் சரிசெய்து வரைந்தார்கள். உடனே மீசை முளைத்த ஆண்கள் ஒரு முயலின் உடம்பு மாறிவிட்டதென்று இணையம் முழுக்க ஒப்பாரி வைத்தார்கள். ரசனையைக் காப்பாற்றுகிறவர்கள் அப்போது எங்கே போயிருந்தீர்களோ.

மக்ஸி போக்ஸ் என்று ஒருவர். திறமையைப் பறிகொடுக்கிற ஐவரில் அவரும் உண்டு. உயரம் 5 அடி 3 அங்குலம். என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவரைவிடக் குள்ளமாக யாரும் ஆடியதில்லை. அதே ஐவரில் 7 அடி 6 அங்குல ஷான் பிராட்லியும் இருக்கிறார். பதினாலு வயதில் நான் நாலே முக்கால் அடி. ‘உனக்கெதுக்குடி பாஸ்கெட்பால், கோலி விளையாடு’ என்று சொல்லாத வாத்தியார் இல்லை.

சொல்லாத ஒரே ஆள் அப்பா. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒருநாள் கையில் இரும்பு வளையத்தோடு வந்தார். பள்ளி ரிங்கை ஏறி அளந்துவிட்டு வந்திருக்கிறார். குறுக்களவு 18 அங்குலம், ஒரு நூல் பிசகவில்லை. கொல்லை வேப்பமரத்தில் பலகை அடித்து, பத்தடி உயரத்துக்கு மறுபடி அளந்து மாட்டினார். பழைய கொசுவலையைக் கத்தரித்து அம்மா வலை கட்டினாள். முதல் வாரமே பந்து கிழித்துவிட்டது.

1999 மே மாதம் தெருமுனைக் கடையில் விசிடி எடுத்துவந்தோம். இரண்டு தட்டு. படம் 1973-ல் தொடங்கும். ராத்திரி, வீட்டுக் கொல்லையில் ஒரு பொடியன் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பான். அப்பா வெளியே வந்து நேரமாச்சு என்பார். பையன் தான் என்னவெல்லாம் ஆகப்போகிறேன் என்று அடுக்குவான். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “நம்ம ரிங்கு இதவிடக் கொஞ்சம் உசரம் போலருக்கே” என்றார்.

அந்தக் காட்சியில் வருகிற அப்பா ஜேம்ஸ் ஜோர்டானை 1993 ஜூலையில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதே அக்டோபரில் மகன் ஆட்டத்தையே விட்டார். அப்பாவுக்குப் பிடித்த பேஸ்பால் ஆடுகிறேன் என்று பர்மிங்காம் பேரன்ஸ் என்கிற சின்ன அணிக்குப் போனார். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர், அங்கே ஐந்து தடவை மட்டை பிடித்தால் ஒரு தடவைதான் உருப்படியாக அடித்தார். ஊரே சிரித்தது. 1995 மார்ச்சில் திரும்பி வந்தார். அந்தக் கோடையில் எடுத்த படம் சார் இது. பெரிய சோகத்தை யாரும் பிழியவில்லை. கொல்லையில் ஒரு ராத்திரி, ஒரு அப்பா, அப்புறம் வாத்தும் முயலும். விளம்பரத்துக்குள் இதை வைத்திருக்கிறார்கள். எனக்கு 2003-ல் அப்பா போனபிறகுதான் அந்த முதல் மூன்று நிமிடம் என்னவென்று தெரிந்தது. அதற்கப்புறம் என்னால் அதை இரண்டாவது தடவை பார்க்க முடிந்ததில்லை. மாடியில் அந்த இடம் ஓடும்போதுகூட சுண்டல் கிண்ணம் எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நீங்கள் முதல் வரிசை நாற்காலியில்தான் இருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

‘ஒரு படத்துக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படணுமா’ என்று எழுதப்போகிறவர்களுக்கு: 1989-ல் ராஜா சின்ன ரோஜாவில் ரஜினி கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப்பாடியதை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்கிறீர்களே, அதேதான். உங்களுடையது பால்ய நினைவு, என்னுடையது ரசனைக்கேடு, இல்லையா?

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒத்துக்கொள்ளாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன், என் பையன் இதைப் படித்தால் மானம் போகும்.

லெப்ரான் ஜேம்ஸ் என்கிற கூடைப்பந்து வீரரை வைத்து எடுத்த அந்த 2021 படத்தை நாங்கள் வீட்டில்தான் பார்த்தோம். அப்போது அவனுக்கு ஏழு வயது. எனக்குப் படம் முழுக்க ஆற்றாமை. வார்னர் கம்பெனியின் பழைய சரக்கெல்லாம் கேலரியில் வந்து நின்று கைதட்டுகிறது, கடை திறப்பு விழா மாதிரி. விமர்சகர்கள் துவைத்துத் தொங்கப்போட்டார்கள். வருடத்தின் மட்டமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருது மூன்று கிடைத்தது, லெப்ரானுக்கே ஒன்று. நான் சோபாவில் உட்கார்ந்து ‘இது படமில்லடா, வெறும் விளம்பரம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு, “நீயே வேற போட்டுக்கோம்மா” என்று உள்ளே போய்விட்டான்.

அந்தப் படமும் அப்பா, பிள்ளை கதைதான். வீடியோ கேம் செய்ய ஆசைப்படுகிற பையன், பந்தைப் பிடி என்று துரத்துகிற அப்பா. அதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை.

இருந்தாலும் சார், நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. மைக்கில் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் முன்னாலே ஒரு பொம்பளையைப் பார்த்து ‘உங்களுக்கு என்னம்மா தெரியும் சினிமா’ என்று கேட்கவில்லை. ஆமாம், அதையும் சொன்னீர்கள். மைக்கை அணைத்த பிறகு சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்கள் என் அப்பா வயது. விழுங்கிவிட்டேன். வயர் சுற்றினேன், பாய் மடித்தேன், படிக்கட்டில் சிந்திக்கிடந்த சுண்டலைப் பெருக்கினேன். மூன்றாவது மாடிக் குட்டிப் பெண் மட்டும் பின்னாலேயே வந்து, “ஆன்ட்டி, குழிக்குள்ள போனவரு வெளிய வந்தாரா?” என்று கேட்டாள்.

விளம்பரம் என்று தெரியும். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசரமும் இல்லை. அவளுக்கு அவர் வெளியே வந்தாரா என்று தெரிந்தாக வேண்டும்.

மிச்சம் ஒரு மணி நேரப் படம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் போடுகிறேன். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடப்போவதில்லை, அம்மாக்கள் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை சுண்டல் இல்லை, போண்டா. புரொஜெக்டர் பிளக் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, சட்டென்று கை எட்டாது.