சிமெண்ட் தரையும் பேட்டரியும்
உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியின் பேட்டரியைக் கழற்றிச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பலகை மேல்தான் வைக்கணும் என்கிறார் அண்ணன். தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, அது பேட்டரிக்கு மரப்பெட்டி, ரப்பர் கூடு இருந்த காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் கூட்டிலிருந்து தரைக்கு மின்சாரம் கசியாது. இந்த மாதிரி லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி எங்கே இருந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. செங்கோட்டையில் சாரல் விடும்வரை எங்கள் வண்டி சும்மாதான் நிற்கும், பேட்டரி ஷெட் தரையில், பக்கத்தில் தேங்காய்க் குவியல். சரி, என்னை நம்ப வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு 12 வோல்ட் பேட்டரியை முழுசாக சார்ஜ் பண்ணி, சில மணி நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். அப்புறம் ஒன்றைத் தரையிலும் இன்னொன்றைப் பலகையிலும் வைத்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள்.