அந்த முதுகில் இருப்பவர் எமன் இல்லை

சில நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

எந்தப் படம் என்று இங்கே இருக்கும் பலருக்கும் தெரியும். டோக்கியோவில் அசாகுசா சான்ஜா கோயில் திருவிழாவில் மிகோஷி என்கிற சாமிப் பல்லக்கைத் தூக்கிவிட்டு, கோவணத்தோடு, தோளில் துண்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற, முதுகு முழுக்கப் பச்சை குத்திய பெரியவரைப் பின்னாலிருந்து எடுத்து, "யகூசாவை லைவாப் பார்த்தாச்சு" என்று ஜப்பானில் இருக்கும் தமிழர்களான நம் குரூப்பில் போட்ட படம். யகூசா என்றால் இந்த ஊர் ரவுடிக் கும்பல்காரர்கள். வரிசையாக வந்தார்கள். "எமன் மாதிரி இருக்கான்." "பேயைக் குத்தி வச்சிருக்கான்." "பர்ஸ் பத்திரம் மாப்ள." நான் மரியாதையாகத்தான் ஒரு கமென்ட் எழுதினேன், அது என்ன ஓவியம் என்று. வந்த பதில்: "அண்ணன் எப்போ கேங்குல சேர்ந்தீங்க?" அதற்கு அறுபது எழுபது ஹாஹா. ஹாஹா போட்டவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள்.

அது எமன் இல்லை. ஃபுடோ மியோஓ என்கிற பௌத்தத் தெய்வம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது கையில் நிமிர்த்திய வாள், இடது கையில் சுருட்டிய கயிறு. பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் தீ. ஒரு கண் விரியத் திறந்திருக்கிறது, மற்றது பாதி மூடியிருக்கிறது. ஒரு கோரைப்பல் மேல்நோக்கி, இன்னொன்று கீழ்நோக்கி. தீயின் நுனிகள் பறவை அலகுபோல வளைந்திருக்கின்றன அல்லவா, அது கருடன். வாள் அறியாமையை வெட்டுவதற்கு. கயிறு வழிதவறியவனைக் கட்டி இழுத்து வருவதற்கு. அந்த முகத்தில் இருப்பது கெட்டுப்போகிற பிள்ளையை உருட்டி மிரட்டித் திருத்துகிறவரின் கோபம்.

இவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? இந்திய பௌத்தத்தின் அசலநாதர்தான் இவர். வஜ்ரபோதி என்ற துறவி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகப் போய் 720 வாக்கில் சீனத் தலைநகரை அடைந்தார். பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, அவரிடம் படித்துவிட்டு 806இல் ஜப்பான் திரும்பியவர் கூகாய். அந்த வழியில்தான் ஃபுடோ வழிபாடு இந்த நாட்டில் வேர்பிடித்தது. நாம் எல்லோரும் பெட்டியோடு வந்து இறங்கிய நரிதா விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நரிதாசான் கோயில் இருக்கிறது. 940இல் தொடங்கிய கோயில், மூலவர் இவர்தான். இன்றைக்கும் தினமும் தீ வளர்த்து வேள்வி நடக்கிறது. நம் பக்கத்திலிருந்து போன சாமியை அடையாளம் தெரியாமல் பேய் என்று சிரித்திருக்கிறோம்.

படிக்கத் தெரியாத படத்தை வைத்து ஒரு மனிதருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இந்த ஓவியங்களில் எதுவும் சும்மா வந்து உட்காருவதில்லை. கராஜிஷி என்கிற சிங்கத்தோடு பியோனிப் பூ வரும். சிங்கம் மிருகங்களுக்கு அரசன், அந்தப் பூ பூக்களுக்கு அரசன். அத்தனை வலிமையான சிங்கத்தையும் உள்ளிருந்து தின்கிற புழு ஒன்று உண்டாம், அதைக் கொல்வது பியோனியின் பனித்துளி. அதனால்தான் சிங்கம் அந்தச் செடியடியில் தூங்குகிறது. செர்ரிப் பூ வந்தால் அது வசந்தம், சிவந்த மேப்பிள் இலை வந்தால் இலையுதிர்காலம். பச்சை குத்துவதை முறையாகக் கற்ற ஆசான் இரண்டையும் யோசிக்காமல் ஒரே உடம்பில் கலக்கமாட்டார். அலை, காற்று, மேகம் என்று பின்னணியும் முதுகு முழுக்க ஒரே ஓட்டமாகப் போகும்.

கமென்டில் ஒருவர் ஹன்யா முகமூடிப் படத்தைப் போட்டு "இந்தக் கொம்பு வச்ச பேயும் இவங்க செட்டுதான்" என்று எழுதியிருந்தார். அது "நோ" என்கிற பழைய ஜப்பானிய நாடகத்து முகமூடி. காதலில் கைவிடப்பட்டு, பொறாமையில் வெந்து உருமாறிப்போன ஒரு பெண். முகமூடியை நிமிர்த்தினால் உறுமுவதுபோல இருக்கும், கொஞ்சம் கீழே சாய்த்தால் அதே முகம் அழும். செதுக்கியவர் இரண்டையும் ஒரே மரத்துண்டில் வைத்திருக்கிறார். அதைத் தோளில் வரைந்துகொள்கிறவர் பேயைத்தான் கும்பிடுகிறார் என்றால் நான் என்ன சொல்ல?

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய செந்தோ, அதாவது பொதுக் குளியலகம், உண்டு. குளியல் வசதி சரியில்லாத வீட்டில் இருந்த காலத்தில் அங்கேதான் போவேன். அங்கே வருவார் ஒரு தாத்தா, சாரம் கட்டுகிற தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு முழுக்க அருவி, அதை எதிர்த்து ஏறுகிற ஒரு கோய் மீன், சுற்றிலும் மேப்பிள் இலைகள். அருவியை ஏறி முடிக்கிற மீன் டிராகன் ஆகும் என்பது பழைய கதை. கருமை வெளிறி நீலம் பாய்ந்திருந்தது, சிவப்பு மட்டும் இன்னும் கண்ணில் நின்றது. மார்பு நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் தோல், சட்டைப் பொத்தானைத் திறந்தாலும் வெளியே எதுவும் தெரியக்கூடாது என்று விட்ட இடம். இடது இடுப்புக்குக் கீழே வெறும் கோடுகள்தான், நிழல் ஏற்றவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். பாதியில் ஆசான் இறந்துபோனாராம். வேறு கையால் முடிக்க மனசு வரவில்லையாம். சொல்லிவிட்டு என் முதுகில் சோப்பு போகவில்லை என்று ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். ஜப்பானிய மொழியே சரியாக வராத எனக்கு, தொட்டியில் இறங்கும் முன் எப்படிக் கழுவ வேண்டும், துண்டை எங்கே வைக்க வேண்டும் என்று இந்த ஊரில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரையும் யாராவது படமெடுத்து "பர்ஸ் பத்திரம்" என்று போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

அந்தத் தொழிலுக்கும் இந்த ஓவியத்துக்கும் பழைய உறவு. எடோ என்கிற பழைய டோக்கியோ நகரத்துத் தீயணைப்புக் குழுக்களில் இருந்தவர்கள் சாரம் கட்டும் தொழிலாளிகள். தீக்குள் போகிறவன் தண்ணீரை ஆளும் டிராகனை முதுகில் ஏற்றிக்கொண்டான். 1827 வாக்கில் குனியோஷி என்ற ஓவியர் சுயிகோடென் என்கிற பழைய சீனக் கதையின் 108 வீரர்களை அச்சுப்படங்களாகப் போடத் தொடங்கினார். ஊழல் அதிகாரிகளை எதிர்த்த வீரர்கள். ஒன்பது டிராகன்களை உடம்பில் தாங்கிய ஷிஷின் அவர்களில் ஒருவன். தச்சனும் கூலிக்காரனும் அந்த வீரர்களைத் தங்கள் முதுகில் கேட்டார்கள். பட்டு உடுத்த அனுமதி இல்லாதவனுக்கு அதுதான் பட்டு.

"குற்றவாளிக்குப் பச்சை குத்திய நாடுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், 1720 முதல் 1870 வரை அப்படித் தண்டனை இருந்தது. அது பெரும்பாலும் கையில் போட்ட கோடுகள், வளையங்கள். டிராகனையும் சாமியையும் அரசாங்கம் யாருக்கும் தண்டனையாக வரைந்துகொடுக்கவில்லை.

"யகூசா குத்திக்கொள்வது பொய்யா?" பொய்யில்லை. நிறையப் பேர் குத்திக்கொண்டார்கள். சான்ஜாவுக்கு அவர்கள் வருவதும் உண்டு. ஆனால் 1872இல் மெய்ஜி அரசாங்கம், வெள்ளைக்காரன் பார்த்து நம்மைக் காட்டுமிராண்டி என்பான் என்று பயந்து இந்தக் கலையைத் தடை செய்ததே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே காலத்தில் 1881இல் வந்த பிரிட்டிஷ் இளவரசர், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர், கையில் டிராகன் வரைந்துகொண்டு போனார். 1891இல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸும் அப்படியே. விருந்தாளிக்கு அலங்காரம், சொந்த ஊர்க்காரனுக்குக் குற்றம். 1948 வரை இருந்தது அந்தத் தடை. அத்தனை வருஷம் ஒளித்து வைத்த ஒன்றின்மேல் 60களின் கேங்ஸ்டர் படங்கள் வந்து முத்திரை குத்தின. அந்தப் படங்களைப் பார்த்துப் பயந்த பயத்தைத்தான் நாம் இன்றைக்கு அறிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"பச்சை குத்தியவனை ஜப்பான்காரனே வெந்நீர் ஊற்றுக்குள் விடமாட்டேன் என்கிறான், உனக்கென்ன?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். விடாத இடங்கள் நிறைய. அதனால் அது சரியாகிவிடுமா? 2013இல் ஹொக்கைடோவில் நியூசிலாந்துப் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண்மணியை, முகத்தில் தன் குலத்தின் அடையாளமான பச்சை இருக்கிறது என்பதற்காகக் குளியலிடத்துக்குள் விடவில்லை. அவரும் யகூசாவா? 2015இல் ஒசாகாவில் ஒரு டாட்டூக் கலைஞர்மேல், மருத்துவ உரிமம் இல்லாமல் ஊசியால் பச்சை குத்தினார் என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் 1,50,000 யென் அபராதம். அந்த மனிதர் விடவில்லை. 2018இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இது மருத்துவம் இல்லை என்று இந்த நாட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜப்பான்காரர்களுக்குள்ளேயே இவ்வளவு போராட்டம் நடக்கும்போது, நாம் போய் ஒரு பக்கம் நின்று கைதட்டுகிறோம்.

பொது இடத்தில் படமெடுக்க உரிமை இருக்கிறது என்கிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் அப்பாவை அப்படி எடுத்துப் போட்டால் தெரியும்.

எனக்கு வலித்தது வேறு. இதே குரூப்பில்தான் போன மாதம் ஒரு தம்பி அழாத குறையாக எழுதினான். வீடு பார்க்கப் போன இடத்தில், பெயரைக் கேட்டதுமே "வெளிநாட்டவருக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்று. எத்தனை பேர் கொதித்தோம்! "நிறத்தைப் பார்த்து முடிவு பண்றான் பாருங்க" என்று எழுதியவரும், "எமன் மாதிரி இருக்கான்" என்று எழுதியவரும் ஒரே ஆள். பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். ரயிலில் நம் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும்போது மனசு என்ன பாடுபடுகிறது என்று எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

அந்தப் பெரியவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தச்சராக இருக்கலாம், மீன் விற்கிறவராக இருக்கலாம், நீங்கள் சொல்கிறவராகவே இருக்கலாம். தெரியாது. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டமா? மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், வாராவாரம் போய்ப் படுத்து, மூங்கில் குச்சியில் கட்டிய ஊசிக்கு முதுகைக் கொடுத்து ஒரு தெய்வத்தைச் சுமந்திருக்கிறார். அவரிடம் போய் "இது யார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைமணி நேரம் சொல்லியிருப்பார். கேட்காமல் பின்னால் நின்று போனை எடுத்தோம்.

விவாதிக்க வருகிறவர்கள் வாருங்கள், பதில் சொல்கிறேன். ஹாஹா மட்டும் போட வருகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன், வருத்தப்படாதீர்கள். படம் போட்ட தம்பிக்கு ஒன்று: முதல் படத்தை வைத்திருக்க வேண்டும் என்று அடம் பிடித்தால் தலைப்பையாவது மாற்று. இரண்டாவது படத்தில் அவர் பாதி திரும்பியிருக்கிறார், முகம் தெரிகிறது. அதை இன்றைக்கு ராத்திரியே எடுத்துவிடு.