ஒடிந்தது ஒரு காது, வாங்கச் சொல்வது முழு ஹெட்லைட்

விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க முனைகிறவரிடம், உடைந்ததை மட்டும் விற்பதில்லை என்று வாகன நிறுவனங்கள் முடிவெடுத்துவிட்டன போலும். ஆட்டோ ஒன்று இடித்துச் சாய்ந்த என் வண்டியில் ஹெட்லைட்டின் கண்ணாடியில் கீறல் இல்லை, எல்இடி எரிகிறது, வயரிங் நன்றாக இருக்கிறது. அதை வைசரோடு, அதாவது விளக்கைச் சுற்றியுள்ள உறையோடு, பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது, விரல் நகத்தளவு துண்டு, ஒடிந்துபோயிற்று. ஷோரூம் கவுன்டரில் இருந்தவர் கணினியில் பாகங்களின் படத்தைத் திறந்து காட்டினார். அந்தப் படத்தில் ஹெட்லைட் முழுவதற்கும் ஒரே எண்தான்; காதுக்கென்று தனி எண் கிடையாது. "அசெம்பிளியாத்தான் சார் வரும்" என்பதோடு பேச்சு முடிந்தது. பழைய வண்டிகளில் பல்பு போனால் பல்பை மாற்றினோம், கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றினோம். இன்று நல்ல நிலையில் உள்ள விளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதையும் உடனே தருவதில்லை. முன்பணம் கட்டி ஆர்டர் போட வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் கம்பெனியிலிருந்து வந்தால் சொல்கிறோம் என்பார்கள். வண்டியை நம்பிப் பிழைக்கும் உணவு விநியோக ஊழியருக்கும், காலையில் பால் போடுகிறவருக்கும் அந்தக் காத்திருப்பு முழுவதும் வருமான இழப்பு என்பது நிறுவனங்களுக்குத் தெரியாதா?

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு அந்தக் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் வராது. முழுக் காப்பீடு எடுத்தவருக்கும், தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி இல்லாவிட்டால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும் இதே கணக்குதான். கீழே விழுந்த வண்டியில் உடைவதில் பெரும்பங்கு பிளாஸ்டிக் என்னும்போது, இந்தக் கழிவு யார் தலையில் விடிகிறது என்று சொல்லத் தேவையில்லை. இவற்றுக்கு மேல் உதிரிபாகங்கள் பலவற்றுக்கு அரசு 28 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆனது உண்மையிலேயே நல்ல காரியம், ஆனால் முழு அசெம்பிளியை வாங்க வைக்கும் வரை அந்தச் சலுகை எம்மாத்திரம்?

வேறு வழியில்லாமல் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் அலைகிறோம். வைசர், இண்டிகேட்டர், லீவர் போன்றவற்றை அங்கே மலிவாக வாங்கிச் சமாளிக்கலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அப்படியல்ல. வளைந்த ஃபோர்க் பைப்பை லேத்தில் கொடுத்துப் பெண்ட் எடுத்தால், அதாவது நிமிர்த்தினால், கண்ணுக்கு நேராகத்தான் தெரியும்; ஆனால் வளைந்த இடத்தில் குரோம் பூச்சு வெடித்திருந்தால், எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும், அந்த எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. புதிய பைப்பின் விலையைக் கேட்டு மலைத்துப்போய் பெண்ட் எடுத்த பைப்போடு நெடுஞ்சாலையில் போகிறவனைப் பொறுப்பில்லாதவன் என்று திட்டுவதற்கு முன், அவனை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று கேட்க வேண்டும்.

உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் முடக்கியதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. அது போதாது. ஒவ்வொரு மாடலுக்கும் எந்தெந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும், அதன் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்பதை வண்டி விற்கும்போதே நிறுவனங்கள் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் போடுங்கள். தராதவர்களுக்கு அபராதம் விதியுங்கள்.