நாலு பேர் செத்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. நாலு கொலைக்காக இத்தாலியில் ஆயுள் தண்டனை பெற்ற செசாரே பத்திஸ்தியை "நாடு நாடாகத் துரத்தப்பட்ட எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்தார்கள். இருபது நிமிஷப் பேச்சு. கொல்லப்பட்ட ஒருவர் பெயர்கூட வரவில்லை.

நாலு பேர் செத்தார்கள். 1978 ஜூன் 6, இத்தாலியின் ஊதினே ஊர்ச் சிறைக் காவலர்களின் தலைவர் அந்தோனியோ சாந்தோரோ. 1979 பிப்ரவரி 16, மிலானில் நகைக்கடைக்காரர் பியர்லூஜி தோரெஜானி. அதே நாளில் வெனிஸ் பக்கத்துக் கிராமத்தில் கறிக்கடைக்காரர் லீனோ சப்பாதின். ஏப்ரல் 19, மிலான் போலீஸ்காரர் அந்திரேயா கம்பாஞா, வயசு 24. கடைக்காரர்கள் இருவரும் கொள்ளையடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றவர்கள். அதில் கொள்ளையர் செத்ததற்குப் பழி வாங்கினார்கள். 'கம்யூனிசத்துக்கான ஆயுதமேந்திய பாட்டாளிகள்' என்று பத்திஸ்தி இருந்த இயக்கத்துக்குப் பெயர். கறி வெட்டிப் பிழைத்தவர் பாட்டாளி கணக்கில் வரமாட்டாரா?

"ஒரே நாளில் மிலானிலும் வெனிஸ் பக்கத்திலும் எப்படி இருந்திருக்க முடியும்?" என்று கேட்பீர்கள். அன்று மிலானில் அவர் சுட்டார் என்று தீர்ப்பு சொல்லவே இல்லை. சப்பாதின் கடைக்குப் போனவர்களில் அவர் ஒருவர். தோரெஜானி கொலையில் சேர்ந்து திட்டம் போட்டவர். அதற்குத்தான் தண்டனை.

"ஆளே இல்லாமல் விசாரித்தார்கள்." ஆள் ஏன் இல்லை? ஆயுதக் குழுவில் இருந்ததற்காக உள்ளே இருந்தவர், 1981 அக்டோபர் 4 அன்று ஃபுரோசினோனே சிறையிலிருந்து தப்பிவிட்டார். அவர் அமர்த்திய வக்கீல்கள் கடைசிவரை வாதாடினார்கள். 1993இல் ஆயுள் தண்டனை உறுதியானது. வழக்கு நடப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், வக்கீல்களும் இருந்தார்கள் என்று சொல்லி 2006இல் ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவைத் தள்ளியது.

அப்ரூவர் பியெத்ரோ முத்தியின் வாக்குமூலத்தை நம்பலாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. தண்டனை குறைய எதையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்திஸ்தியைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததே அதே முத்திதான் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஓடியது எப்படி என்றும் பாருங்கள். ஆயுதத்தைக் கைவிட்டவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று 1985இல் பிரான்ஸ் அதிபர் மித்தெரான் சொன்ன வார்த்தையில் பாரிஸில் தங்கினார். அங்கே துப்பறியும் நாவல் எழுதினார். 2004இல் பிடித்து, நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். ஜூனில் நாடு கடத்தலாம் என்று தீர்ப்பு. ஆகஸ்டில் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வரவில்லை, ஆள் பிரேசிலுக்குக் கிளம்பிவிட்டார். 2007இல் ரியோவில் கைது. இத்தாலிக்கு அனுப்பலாம் என்று 2009இல் பிரேசில் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தீர்ப்பு. ஆனால் கடைசி முடிவை அதிபர் கையில் விட்டார்கள். அதிபர் லூலா 2010 டிசம்பர் 31, பதவியின் கடைசி நாளில், மறுத்தார்.

2018 டிசம்பரில் பிரேசில் அதிபர் தேமெர் நாடு கடத்தக் கையெழுத்திட்டதும் பொலிவியாவுக்கு ஓட்டம். அங்கேதான் கணக்குத் தப்பியது. பிரேசில் வழியாகப் போயிருந்தால் தண்டனை 30 வருஷத்தைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவாதம் இருந்தது. 2019 ஜனவரி 12 அன்று சாந்தா குரூஸ் நகரத் தெருவில் பிடித்த பொலிவியா, அத்துமீறி நுழைந்தவர் என்று நேரே இத்தாலி விமானத்தில் ஏற்றியது. 30 வருஷம் கேட்டு வக்கீல் போட்ட மனு நிற்கவில்லை, ஆயுள் ஆயுளாகவே நின்றது.

அந்த மார்ச்சில் சார்தீனியாத் தீவுச் சிறையில், அரசு வக்கீலிடம் நாலு கொலையையும் ஒப்புக்கொண்டார். 2020இல் லூலாவே கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நம்மூர் மேடையில் மட்டும் பத்திஸ்தி இன்னும் நிரபராதி. இதைச் சொன்னால் "நீ யார் பக்கம்?" என்கிறீர்கள். அரசு செய்யும் கொலையைக் கேட்க வேண்டியவர்கள்தான் இதையும் கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அது அவ்வளவு பெரிய துரோகமா?

தோரெஜானி சுடப்பட்டபோது பதின்வயது வளர்ப்பு மகன் பக்கத்தில் இருந்தான். அப்பா திருப்பிச் சுட்டார். அவர் துப்பாக்கியிலிருந்து போன குண்டே அவன் முதுகெலும்பில் பாய்ந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. எழுத்தாளர் பாரிஸில் நாவல் போட்டபோதும், ரியோவில் நடந்தபோதும் அதே நாற்காலி.

கூட்டத்தின் வீடியோ இன்னும் இருக்கிறது. விளக்கத்தில் நாலு பெயரைச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். சேர்த்துவிடுங்கள்.