அது விபத்து இல்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை பாட்டுகளைப் பற்றி நடந்த நேரலையைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் என் நட்பு வட்டத்திலும் இருக்கிறார்கள். பேசியவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், இனிமேலும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் நேற்று ராத்திரி அந்தப் பத்து வினாடியை மட்டும் தனியாக வெட்டி யாரோ வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"விபத்தில் ஹிட்டான பாட்டுகள்" என்று தலைப்பு. நாலாவதாக 'சுகியாக்கி' என்ற ஜப்பானியப் பாட்டு. பத்து வினாடி ஓட விட்டு நிறுத்திவிட்டு, "மாட்டுக்கறிச் சாப்பாட்டோட பேரை வச்ச பாட்டு, ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது, அமெரிக்காவுல மூணு வாரம் நம்பர் ஒன். லாட்டரி விழுந்த மாதிரி" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணே, அது விபத்து இல்லை. லாட்டரியும் இல்லை.

1960இல் அமெரிக்காவோடு ஜப்பான் அரசு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோவில் பெரிய போராட்டம் நடந்தது. எவ்வளவோ கூட்டம் திரண்டும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டு மனம் உடைந்து வீடு திரும்பியவர்களில் ஒருவர் ரோகுசுகே எய். அவர் எழுதிய பாட்டு இது. ஜப்பானில் இதன் பெயர் சாப்பாட்டுப் பெயர் இல்லை, "மேலே பார்த்தபடி நடப்போம்" என்று அர்த்தம். கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாது, அதனால் முகத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டு தனியாக நடக்கிறான் ஒருவன். அவ்வளவுதான் பாட்டு. ஹச்சிடாய் நகமுரா இசையமைத்தார். பாடியவர் கியூ சகமோட்டோ, அப்போது 19 வயது. (மூன்று பேர் பெயரிலும் ஜப்பானிய எண்கள் ஒளிந்திருக்கின்றன: ரோகு ஆறு, ஹச்சி எட்டு, கியூ ஒன்பது. அவர்களை 6-8-9 கூட்டணி என்றே அங்கே சொல்வார்கள்.) ராக் அண்ட் ரோல் பாடிப் பழகிய பையன், வார்த்தைகளை உடைத்து உடைத்துப் பாடினான். எழுதியவருக்கே முதலில் அது பிடிக்கவில்லையாம்.

1961இல் ஜப்பானில் பெரிய வெற்றி. அப்புறம் பிரிட்டனின் பை ரெக்கார்ட்ஸ் தலைவர் லூயிஸ் பெஞ்சமின் ஜப்பான் போனபோது இதைக் கேட்டார். மெட்டு மனசை விட்டுப் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, கென்னி பால் என்பவரின் ஜாஸ் குழுவை வைத்து வெறும் வாத்திய இசையாகப் பதிவு செய்தார். அசல் பெயர் பிரிட்டிஷ்காரர்கள் வாயில் நுழையாது என்று அவருக்குத் தெரிந்த ஒரு ஜப்பானிய உணவின் பெயரை ஒட்டினார்கள். 'மூன் ரிவர்' பாட்டை ஜப்பானில் 'பீஃப் ஸ்டூ' என்று வெளியிடுவது போல இருக்கிறது என்று அப்போதே நியூஸ்வீக் என்ற அமெரிக்க வார இதழ் எழுதியது. ஆக, பெயரில் இருக்கிற கோமாளித்தனம் பாட்டைச் செய்தவர்களுடையது இல்லை. அதை வைத்தா அவர்களைப் பார்த்துச் சிரிப்பது?

பிறகு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற சின்ன ஊரின் வானொலி நிலையத்தில் ஒருவர் சகமோட்டோவின் அசல் பாட்டையே போட்டார். கேட்டவர்கள் மறுபடி போடு, மறுபடி போடு என்று கூப்பிட்டார்கள். கேபிடல் நிறுவனம் இசைத்தட்டு வெளியிட்டது. 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம். மூன்று வாரம். முழுக்க ஜப்பானிய மொழியில் ஒரு பாட்டு அந்த இடத்துக்கு வந்தது அந்த ஒரு முறைதான். போர் முடிந்து 18 வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் பசிபிக்கில் ஜப்பானியரோடு சண்டை போட்டவர்கள். அமெரிக்க ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்ற ஒருவரின் துக்கம், அமெரிக்கா முழுவதும் வீட்டு வானொலியில் ஒலித்திருக்கிறது. இது தெரிந்த யாருக்காவது சிரிப்பு வருமா?

எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், கடல் தாண்டிக் கொண்டுபோனவர், சின்ன ஊரில் தைரியமாகப் போட்டவர், கூப்பிட்டுக் கேட்டவர்கள். இத்தனை பேர் செய்த வேலைக்கு விபத்து என்று பெயரா?

உங்கள் பட்டியலில் இருந்த மற்றதும் அப்படித்தான். அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சனின் 'ஓ சூப்பர்மேன்', எட்டு நிமிடத்துக்கு மேல். தாளம் கிடையாது. "ஹா, ஹா, ஹா" என்று ஒரே மூச்சுச் சத்தம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓடுகிறது, அதன் மேல் இயந்திரம் பேசுவது போல ஒரு குரல். நியூயார்க்கில் ஒரு சின்ன நிறுவனம் கொஞ்சமாக அச்சிட்ட தட்டு. பிபிசி வானொலியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் அதை எடுத்துப் போட்டார். 1981இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. நீங்கள் "ஹா ஹா" என்று நடித்துக் காட்டினீர்கள், சபை சிரித்தது. ஈரானில் பணயக் கைதிகளை மீட்கப் போன அமெரிக்க ஹெலிகாப்டர் பாலைவனத்தில் மோதி வீரர்கள் செத்த சம்பவம் அந்தப் பாட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது. குவீன் குழுவின் 'போஹிமியன் ராப்சடி'யை மட்டும் மரியாதையோடு ஒதுக்கி வைத்தீர்கள், "அது கிளாசிக்" என்று. 1975இல் அதற்கும் இதே பேச்சுதான். மூன்று நிமிடப் பாட்டுகளின் காலத்தில் ஏறக்குறைய ஆறு நிமிடம், நடுவில் ஆபரா என்ற இசை நாடகப் பாணி, வானொலியில் ஓடாது என்றார்கள். லண்டனில் கென்னி எவரெட் என்ற அறிவிப்பாளர் இரண்டே நாளில் 14 முறை போட்டார். ஒன்பது வாரம் முதலிடம். இன்றைக்குக் கிளாசிக். ஜெயித்து நாற்பது ஐம்பது வருடம் ஆனால், அதுவும் ஆங்கிலமாக இருந்தால், விபத்து கிளாசிக் ஆகிவிடுமா?

இனி என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"புரியாத மொழியில் பாட்டு கேட்டால் அது வெறும் சத்தம்தானே?" நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். சிலோன் மனோகர் என்று நாம் கூப்பிடுகிற ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'க்கு எங்கள் தெருவில் ஆடாத கல்யாணம் கிடையாது. எத்தனை பேருக்குச் சிங்களம் தெரியும்? அந்த நேரலையில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறீர்கள்? அப்போது மொழி புரிந்ததா? நீங்கள் ஆடினால் ரசனை, 1963இல் அமெரிக்காவில் ஒரு பால்காரனோ டீச்சரோ ஜப்பானியப் பாட்டை ரசித்தால் கிறுக்கா?

"புதுசாக இருந்தது, அதனால் வாங்கினான், அடுத்த வாரம் மறந்தான்." மறக்கவில்லை. 1981இல் ஆங்கில வார்த்தைகள் போட்டு மறுபடி பாடினார்கள், அமெரிக்காவில் மூன்றாம் இடம். 2011இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது ஜப்பானில் மறுபடி இதைத்தான் பாடினார்கள். போதும்.

"அப்போ கொலவெறியும் பெரிய கலையா?" இதைத் தாமதம் இல்லாமல் இரண்டு பேராவது எழுதுவீர்கள். 2011 நவம்பரில் அது வந்தபோது நானும் முகம் சுளித்தவன்தான். ஆனால் ஒரு புது இசையமைப்பாளர், முதல் படம், உடைந்த ஆங்கிலத்தில் ஒரு காதல் தோல்விப் புலம்பல், ஸ்டுடியோவில் பாடுகிற காட்சி. இது நாடு முழுக்கப் போகும் என்று எந்தப் பெரிய மனிதர் அன்றைக்குச் சொன்னார்? பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. கேட்டவன் முட்டாள் என்று சொல்லும் உரிமை இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி நியாயமானது. ஒரு தம்பி அந்த நேரலையிலேயே கேட்டார்: "இது மாதிரி வித்தியாசமான பாட்டு ஆயிரம் வந்து காணாமல் போயிருக்குமே, அதில் ஒன்று ஜெயித்தால் அதிர்ஷ்டம் தானே?" உண்மைதான். அந்தப் பாஸ்கோ வானொலிக்காரர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாது. அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழை பெய்தால் மட்டும் போதாது, யாரோ விதைத்திருக்க வேண்டும் இல்லையா? நீங்கள் மழையை மட்டும் பேசிவிட்டு விதைத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். எனக்கு வலிப்பது அங்கேதான்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். 80களின் நடுவில் ஒருமுறை கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, அங்கே சரக்கு இறக்குகிற ஒருவர் பழக்கமாகி ஒரு கேசட் பதிந்து கொடுத்திருக்கிறார். மேலே அப்பா பேனாவால் "ஜப்பான் பாட்டு" என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டு நேஷனல் டூ-இன்-ஒன்னில் அது ஓடாத நாள் இல்லை, அப்பா வீட்டில் இருக்கும் வரை. "சுகியாக்கின்னா இறைச்சியும் காய்கறியும் போட்டு மேசையிலேயே கொதிக்க வச்சுத் திங்குறது. பாட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, எவனோ தெரியாம வச்ச பேரு" என்று எங்களுக்கு முதலில் சொன்னதே அவர்தான். சமைக்கத் தெரிந்தவர், அவருக்கு அது பெரிய குறை.

அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் வார்த்தை நின்று விசில் வரும். மெட்டு முழுவதும் விசிலிலேயே போகும். அப்பா அந்த இடத்தை மட்டும் கூடவே அடிப்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் அடித்தால் அம்மா, "வீட்டுக்குள்ள சீட்டியடிக்காதிய, பாம்பு வரும்" என்று சத்தம் போடுவாள். ஜப்பானிலும் ராத்திரி விசிலடித்தால் பாம்பு வரும் என்று சொல்வார்களாம். வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆச்சி இறந்தபோது அப்பா கடலில் இருந்தார். தகவல் போய், அடுத்த துறைமுகத்தில் இறங்கி, ஊர் வந்து சேரும்போது பதினாறாம் நாள் காரியமும் முடிந்து ஒரு வாரம். வாசலில் நின்று அம்மாவிடம் "எப்போ?" என்று மட்டும் கேட்டார். ஒரு சொட்டு அழவில்லை. "பெத்த தாய்க்கே அழல, கப்பலுக்குப் போயி மனசு கல்லாயிட்டு" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கும் அப்பா மேல் கோபம். அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் விசில் சத்தம் கேட்டு ஏறிப் போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி அதே மெட்டை அடித்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப. அம்மா அன்றைக்குப் பாம்பு என்று சொல்லவில்லை.

அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது 2011இல். சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் எல்லாரும் பாடிய ஒரு வீடியோவில் மொழிபெயர்ப்பு ஓடியது. கண்ணீர் விழாமல் இருக்க மேலே பார்த்து நடப்போம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா இறந்து அப்போது நாலு வருடம். அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்ததா, அந்தக் கோபேக்காரர் சொல்லியிருந்தாரா, இல்லை வெறும் மெட்டே அவர் தலையைத் தூக்கிப் பிடித்ததா, கேட்க எனக்கு ஆள் இல்லை.

சகமோட்டோ 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி டோக்கியோவிலிருந்து ஒசாகா போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி இறந்தார். 520 பேர் போனார்கள். அவருக்கு வயது 43. விபத்து என்ற வார்த்தை அதற்குத்தான் பொருந்தும், அண்ணே. அவர் பாட்டுக்கு இல்லை.

நான் அந்த நேரலையில் இருந்தேன். நீங்கள் அந்தப் பத்து வினாடியைப் போட்டபோது கமெண்டில் ஏதாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் ஏன் என்று இருந்துவிட்டேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிற கோபம். சொந்தக்காரர்கள் அப்பாவைக் கல்மனசுக்காரர் என்று சொன்னபோதும் நான் இப்படித்தான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"சும்மா ஜாலிக்குப் பேசினதை இவ்வளவு பெருசாக்கணுமா" என்று இன்பாக்ஸில் ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், பெரிதாக்கத்தான் வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி இருக்கிறது என்றீர்கள். அதில் இந்தப் பாட்டை முழுவதும் போடுங்கள். மூன்று நிமிடம்தான். யாரும் பேசாமல், விசில் வருகிற இடம் வரைக்குமாவது.