சூப்பர்வைசரைப் பற்றி டிக் அடிக்கச் சொன்னால்

தலைமைப் பண்பு, ஊழியர் செயல்திறன் என்று ஆய்வு செய்கிறவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அளவுசார் ஆய்வா, பண்புசார் ஆய்வா? நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்குப் போட்டால்தான் ஆய்வு என்பார் ஒருவர். பத்துப் பேரிடம் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினால்தான் உண்மை வெளியே வரும் என்பார் இன்னொருவர்.

நூற்பாலை ஒன்றில் ஹெச்.ஆர். வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இது பொய்ச் சண்டை. எண்ணுகிறேன் என்பவர்கள் எதையும் எண்ணுவதில்லை. பேசுகிறேன் என்பவர்கள் யாரையும் பேச விடுவதில்லை. இரண்டு தரப்புமே நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃப்ரேம் பக்கம் எட்டிப் பார்க்காமல் அறிக்கையை முடித்து பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறது.

ஜனவரி, பிப்ரவரி ஆனால் எம்.பி.ஏ. மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு வந்துவிடுவார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு இதுதான்: தலைமைப் பாணி ஊழியர் செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கம், 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு' எங்கள் ஆலை. கேள்வித்தாளில் 'என் மேலதிகாரி எனக்கு ஊக்கம் அளிக்கிறார்', 'நான் என் வேலையை முழு ஈடுபாட்டுடன் செய்கிறேன்' என்ற மாதிரி வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். ஒரு முறை கேன்டீனில் டீ நேரத்தில் ஒரு பையன் இதை விநியோகித்துக்கொண்டிருந்தான். சைடராக, அதாவது ரிங் ஃப்ரேமில் அறுந்த இழையை ஒட்டுபவராக, இருக்கும் ஒரு அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏந்தம்பி, எல்லாத்துக்கும் நாலே போட்டுடட்டுமா? அஞ்சு போட்டா ஜால்ரா மாதிரி இருக்குமில்ல?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடுங்கக்கா."

பக்கத்து மேசையில் அவருடைய சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிரப்பிய தாள்களை வாங்கி அடுக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இந்த நாலுகளும் ஐந்துகளும் அப்புறம் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் போகும். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பேக் ஆல்ஃபா, பாஸ் மார்க்கான 0.7-ஐத் தாண்டும். தலைமைக்கும் செயல்திறனுக்கும் 'குறிப்பிடத்தக்க நேர்மறைத் தொடர்பு' இருப்பதாக வரும். வராமல் எப்படி இருக்கும்? மேலதிகாரியைப் பற்றிச் சொன்னதும் அதே அக்கா, தன் வேலையைப் பற்றிச் சொன்னதும் அதே அக்கா, அதே தாளில், அதே டீ நேரத்தில். நல்ல மனநிலையில் இருந்தால் இரண்டும் நாலு. தலைவலியாக இருந்தால் இரண்டும் மூன்று. அந்த இரண்டு நாலுகளுக்கும் உள்ள ஒட்டுறவைத்தான் நாம் தலைமையின் தாக்கம் என்று அத்தியாயம் ஐந்தில் எழுதுகிறோம்.

எண் போட்டுவிட்டால் அது அளவீடு ஆகிவிடாது. அது அபிப்பிராயம்தான், எண் வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1975-இல் ஏடன், லெவியாட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். கற்பனையான ஓர் ஆலையைப் பெயருக்குச் சொல்லி, அங்கே தலைமை எப்படி நடந்துகொள்கிறது என்று மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அங்கே தலைமை எப்படி என்பது பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பதில்களில் கிடைத்த காரணிக் கட்டமைப்பு, அதாவது எந்தக் கேள்வி எதோடு சேர்ந்து நகர்கிறது என்ற வடிவம், நிஜ நிறுவனங்களில் நிஜ ஊழியர்கள் தந்த பதில்களில் கிடைத்ததை ஒத்தே இருந்தது. 'நல்ல மேலதிகாரி இப்படித்தான் இருப்பார்' என்று நம் எல்லோர் தலையிலும் ஒரு படம் இருக்கிறது. கேள்வித்தாள் பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான் நகல் எடுக்கிறது. கேன்டீன் அக்காவை விட்டுவிட்டு அந்தப் பையன் விடுதி அறையில் நண்பர்களிடமே நிரப்பி வாங்கியிருந்தாலும் அத்தியாயம் ஐந்து அப்படியே வந்திருக்கும். சிலர் அதையும் செய்கிறார்கள் என்பது தனிக்கதை.

சரி, அப்படியானால் பண்புசார் ஆய்வுதான் தீர்வா என்று கேட்டால், அவசரப்பட வேண்டாம். இந்த விவாதத்துக்கு, அமெரிக்காவில் ஹாதோர்ன் ஆலையில் நடந்த சோதனைகளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் 'யாராவது கவனித்தால் வேலை கூடும்' என்று இரண்டே பத்தியில் முடித்துவிடுவார்கள். உள்ளே போய்ப் படித்தால் அது வேறு மாதிரிக் கதை.

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலை, தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம். 1924-இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். 1927-இல் ரிலே என்ற சின்னத் தொலைபேசிப் பாகத்தைப் பொருத்தும் பெண்கள் ஐந்து பேரையும், அவர்களுக்குப் பாகம் எடுத்துக் கொடுக்க ஒருவரையும் தனி அறையில் உட்கார வைத்தார்கள். முடித்த ஒவ்வொரு ரிலேயும் சரிவில் விழும்போது தாள் நாடாவில் ஓர் ஓட்டை விழும். நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு. ஓய்வு நேரம் கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், சிலவற்றைத் திரும்பவும் பிடுங்கினார்கள். சில ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது.

அறையில் கூடவே இருந்து பார்த்தவர்களும், ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவைச் சுற்றி இருந்தவர்களும் இதற்குச் சொன்ன விளக்கம்: அன்பான மேற்பார்வை, குழு உணர்வு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மனித உறவுப் பள்ளி என்று ஒரு மரபே இதிலிருந்து கிளம்பியது. ஆனால் 1928 ஜனவரியில் அந்த ஐந்து பேரில் இருவரை, பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று வெளியே அனுப்பிவிட்டு, வேகமான வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். கூலிக் கணக்கும் மாறியிருந்தது. முன்பு பெரிய கும்பலின் மொத்த உற்பத்தியில் பங்கு, இப்போது ஐந்து பேருக்குள்ளேயே பங்கு. அலெக்ஸ் கேரி என்ற ஆய்வாளர் 1967-இல் இதையெல்லாம் எடுத்துப் போட்டு, அன்பான மேற்பார்வைக் கதையை வெளுத்து வாங்கினார். 1978-இல் ஃப்ராங்க், கௌல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பழைய எண்களைப் புள்ளியியல் முறையில் அலசி, ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதிக்கு ஆள் மாற்றிய கண்டிப்பு, பொருளாதார மந்தம், ஓய்வு நேரம் ஆகியவையே போதும் என்றார்கள். கூடவே உட்கார்ந்து பார்த்தவர்களின் ஆசைக்கதையைத் தாள் நாடா மறுத்தது.

வெளிச்சச் சோதனையின் கதி இன்னும் வேடிக்கை. தொலைந்துவிட்டதாக நம்பப்பட்ட தரவைப் பொருளாதார அறிஞர்கள் லெவிட்டும் லிஸ்ட்டும் தேடிப் பிடித்து 2011-இல் வெளியிட்டார்கள். விளக்கு மாற்றங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கின்றன. திங்கட்கிழமை உற்பத்தி கூடியது என்று ஒரே பேச்சு. விளக்கை மாற்றாத வாரத்திலும் சனிக்கிழமையை விடத் திங்கட்கிழமை கூடத்தான் செய்கிறது! வார விடுமுறை முடிந்து வரும் ஷிப்ட்டைப் பார்த்த எந்த ஃபோர்மேனும் இதைச் சொல்லியிருப்பார்.

இதுவரை படித்தால் எண் கட்சிதான் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அதே ஆலையில் பேங்க் வயரிங் அறை என்று ஒன்று இருந்தது. எனக்கு ஹாதோர்ன் என்றால் அதுதான். 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண்கள்: ஒயர் சுற்ற ஒன்பது பேர், பற்றவைக்க மூன்று பேர், பரிசோதிக்க இரண்டு பேர். இந்த முறை எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே கள ஆய்வு செய்துவிட்டு வந்த மானுடவியலாளர் லாய்ட் வார்னரிடம் யோசனை கேட்டு, ஒருவரை அறையில் சும்மா உட்கார்ந்து பார்க்க வைத்தார்கள். இன்னொருவர் வெளியே வைத்துத் தனித்தனியாகப் பேசினார்.

பார்த்தது என்ன? ஒரு நாளைக்கு இரண்டு கருவி, அதாவது 6,000 முதல் 6,600 இணைப்பு, அதுதான் 'ஒரு நாள் வேலை' என்று அவர்களுக்குள்ளேயே ஓர் எழுதாத சட்டம். நிர்வாகத்தின் இலக்கு இதைவிட அதிகம். ஆனால் வேகமாகச் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஆளைக் குறைப்பார்கள் என்று பயம். மந்தக் காலத்தில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதிகம் செய்பவனின் மேல்கையில் ஒரு குத்து விழும். மேலிடத்தில் போட்டுக் கொடுப்பவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒயர்காரரும் பற்றவைப்பவரும் விதியை மீறி வேலை மாற்றிக்கொள்வார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தகராறு வேறு.

என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்த இடம் இது: அவர்கள் தினமும் சொல்லும் உற்பத்திக் கணக்கே நிஜம் இல்லை. இன்று கூடுதலாக முடித்ததை மறைத்து வைத்து, குறையும் நாளில் கணக்கில் சேர்ப்பார்கள். அறையில் இருந்தவர் மதியமும் மாலையும் தானே எண்ணிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. காகிதத்தில் நேர்க்கோடு, அறையில் மேடு பள்ளம். அவர்களின் நேரடி மேற்பார்வையாளரான குரூப் சீஃபுக்கு இது தெரியும். கண்டும் காணாமல் இருந்தார், ஏனென்றால் அவருக்கும் அந்த அறையில்தான் பிழைப்பு. ஃபோர்மேன் உள்ளே நுழைந்தாலோ எல்லோரும் சட்டப்படி நடப்பார்கள். கெட்டிக்காரத்தனத்துக்கும் கைவேகத்துக்கும் டெஸ்ட் வைத்துப் பார்த்தார்கள். அறையிலேயே மெதுவாக வேலை செய்தவர் அறிவுத் தேர்வில் முதலிடம், கைத்திறனில் மூன்றாமிடம்!

இந்த 14 பேரிடம் நம் மாணவனின் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால்? குரூப் சீஃபுக்கு ஐந்துக்கு ஐந்து. 'நான் முழு ஈடுபாட்டுடன் செய்கிறேன்', அதற்கும் ஐந்து. தலைமை அபாரம், செயல்திறன் அபாரம். மறைத்து வைத்த வேலை எந்தக் கட்டத்திலும் வந்திருக்காது.

கவனியுங்கள், இதைக் கண்டுபிடித்தவர் வெறுமனே 'பேசிப் பார்த்தவர்' இல்லை. அவர் எண்ணவும் செய்தார். ரிலே அறையில் கதையைத் திருத்தியது எண். பேங்க் வயரிங் அறையில் எண்ணைத் திருத்தியது கூட இருந்த கண். இரண்டு இடத்திலும் ஆய்வாளர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே கிடந்தார்கள். அதனால்தான் கேரியும் மற்றவர்களும் பல பத்தாண்டு கழித்துச் சண்டை போடக்கூட அவர்களிடம் சரக்கு இருந்தது. நம் ப்ராஜெக்ட்டுகளை நாளைக்கு யாராவது மறுக்க நினைத்தால் எதை வைத்து மறுப்பார்? நாலும் ஐந்துமாக ஒரு எக்ஸெல் கோப்பு.

பண்புசார் கட்சியின் லட்சணத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. இப்போது ஆய்வு மாணவர்களிடையே 'இன்டெப்த் இன்டர்வியூ' பிரபலம். எங்கே நடக்கிறது? ஹெச்.ஆர். கேபினில். ஏ.சி. ஓடும், மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி, செல்போனில் ரெக்கார்டிங். ஷிப்ட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பிய, நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றி மாற்றும் டாஃபர் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து "நல்லாத்தான் சார் பார்த்துக்கறாங்க" என்பார். அதற்கு மேல் வாங்க முடியாது. அப்புறம் அந்த ஒரு வரியிலிருந்து 'கருப்பொருள்கள்' பிரித்தெடுக்கப்படும். ஹாதோர்னிலும் 1928-இல் பெரிய நேர்காணல் திட்டம் தொடங்கியபோது கையில் கேள்விப் பட்டியல்தான் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆட்கள் வேறு எதையோ பேசினார்கள். அந்த வேறு எதையோவில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிந்து பட்டியலைக் கைவிட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. அப்படி 20,000 பேருக்கு மேல் பேசினார்கள்.

இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் மும்பைக்கு அருகே ஜவுளி ஆலைகளில் செய்த சோதனை, 2013-இல் வெளியானது. சில ஆலைகளுக்கு நிர்வாக முறைகளைக் கற்றுக்கொடுத்து, சிலவற்றை ஒப்பீட்டுக்கு வைத்து, உற்பத்தியைத் தறிப் பக்கத்திலிருந்தே கணக்கெடுத்தார்கள். முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. அது எண். ஆனால் இவ்வளவு லாபம் தரும் முறையை முதலாளிகள் ஏன் முன்பே செய்யவில்லை என்ற கேள்விக்கு, ஆலைகளில் கிடந்து அவர்களோடு பழகியதால்தான் விடை கிடைத்தது. பலருக்கு அந்த முறைகளே தெரியவில்லை, தெரிந்தவர்கள் நமக்கு இது எதற்கு என்று விட்டிருந்தார்கள். வெளியாளை நம்பி மேலாளர் பதவி தருவதும் குறைவு. அதனால் ஆலை எவ்வளவு பெரிதாகும் என்பது குடும்பத்தில் எத்தனை ஆண் பிள்ளைகள் என்பதோடு ஒட்டி நின்றது.

எங்கள் ஆலையில் ரிங் ஃப்ரேமுக்கு ரிங் ஃப்ரேம், எவ்வளவு நூல் ஓடியது என்று காட்டும் ஹேங்க் மீட்டர் இருக்கிறது. ஷிப்ட் வாரியாக உற்பத்தி, எத்தனை ஸ்பிண்டில் சும்மா ஓடியது, யார் வரவில்லை, எல்லாம் ரிஜிஸ்டரில் உண்டு. 'நான் முழு ஈடுபாட்டுடன் செய்கிறேன்' என்று கேட்பதை விட்டு இதைப் பார்க்கலாமே. ஆனால் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் வழுக்கும். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு; 40-ஆம் நம்பர் நூல் ஓடும் மெஷினில் கிராம் கணக்கு அதிகம் வரும், 60-ஆம் நம்பர் ஓடினால் குறையும். அது தெரியாமல் இரண்டு சூப்பர்வைசர்களை ஒப்பிட்டால், நூல் நம்பருக்குச் சேர வேண்டிய பாராட்டு ஆளுக்குப் போய்விடும். சூப்பர்வைசரின் கை தெரியும் இடம் வேறு: திடீரென்று மூன்று பேர் லீவு போட்ட இரவு ஷிப்ட்டில் யாரை எந்த மெஷினுக்கு மாற்றுகிறார், இழை அறுந்துகொண்டே இருக்கும் பக்கத்தில் யாரைத் திட்டுகிறார், யாருக்குத் துணை அனுப்புகிறார். அது மீட்டரில் விழாது, அங்கே நிற்பவருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பழி முழுவதும் மாணவர்கள் மேல் இல்லை. உற்பத்தி ரிஜிஸ்டர் கேட்டால் 'கான்ஃபிடென்ஷியல்' என்கிறோம். ஷெட்டுக்குள் நிற்கக் கேட்டால் பாதுகாப்பு என்கிறோம். நூறு கேள்வித்தாளுக்கு மட்டும் உடனே கையெழுத்துப் போடுகிறோம், ஏனென்றால் அதில் எங்களுக்கு ஆபத்தே இல்லை. அந்தப் பக்கம் வைவாவில், வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் முதலில் கேட்பது சாம்பிள் சைஸ். 'அந்த ஷெட்டில் எத்தனை நாள் நின்றாய்' என்று கேட்கும் ஒரு எக்ஸ்டர்னலை நான் பார்க்க வேண்டும்.

இந்த சீசனில் வருகிறவர்களுக்கு, பெயரை மறைத்து ஒரு மாத ஷிப்ட் உற்பத்தியும் வருகைப் பதிவும் தர நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இரவு ஷிப்ட்டில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும், கேள்வித்தாளை சூப்பர்வைசர் கையில் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதிக்கிற கைடு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.